கப்பல் வந்துவிட்டது! நீங்கள் எப்போது இறங்குவீர்கள்?

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலுக்கு வெளியூர் பஸ் ஒன்று மாலையில் வந்து நிற்கிறது. "நல்ல வேளை! நேரத்துக்கு வந்துவிட்டோம். தபசுக் காட்சியைப் பார்த்துவிடலாம்" என்று பஸ்ஸில் வந்தவர் சொல்கிறார்.

உள்ளூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

ஏன்? பஸ் வந்தது ஊருக்கு. சங்கரநாராயணராகச் சுவாமி கோமதி அம்மனுக்குக் காட்சி கொடுப்பது தபசுப் பந்தல் அருகே. இரண்டுக்கும் நடுவே தலை தலையாக ஜனக்கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி எப்போது போய்ச் சேருவார்?

ஊர் வந்து சேருவது வேறு. சன்னதி வந்து சேருவது வேறு. இது நமக்குத் தெரியும்.

ஆனால் கப்பலில் போகும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்!

நம்மவர்களும் போகிறார்கள்

"கப்பலா? அது பணக்காரர் விஷயம் அல்லவா?" என்று கேட்கிறீர்களா?

அந்தக் காலம் போய்விட்டது. 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து இலங்கைக்கு ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய ஊர்களைச் சுற்றி வருவதற்காக ஏற்பட்ட கப்பல் அது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் கப்பலில் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தறி ஓட்டும் குடும்பமும், கடை வைத்திருக்கும் குடும்பமும் சீட்டுக் கட்டி, பணம் சேர்த்து, "ஆயுளில் ஒரு தடவை" என்று புறப்படுகிறார்கள். அந்த ஒரு தடவை வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வழிகள்

உல்லாசக் கப்பல் ஓர் ஊரில் காலையில் நிற்கும். மாலையில் புறப்பட்டுவிடும். அந்தப் பகல் பொழுதுக்குள் ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ். அதற்குத் தனிக் கட்டணம். கம்பெனி காட்டும் இடத்தைப் பார்க்கலாம்.

மற்றொன்று, நாமாகவே கரையில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துப் போவது. குடும்பமாகப் போனால் செலவு குறையும். நமக்குப் பிடித்த கோயிலுக்குப் போகலாம். நமக்குப் பிடித்த ஓட்டலில் சாப்பிடலாம். சொந்தக்காரர் இருந்தால் பார்த்துவிட்டு வரலாம்.

நம் குடும்பங்களுக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அதில் தவறு இல்லை. ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் பலர் போடுவதில்லை.

ரயில் பழக்கம்

கணக்குத் தப்புவதற்குக் காரணம் நமது ரயில் பழக்கம்.

பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நிற்கிறது. நின்றதும் நாம் இறங்குகிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம். ரயில் வரும் நேரம் எதுவோ, அதுவே நாம் இறங்கும் நேரம்.

கப்பல் அப்படி அல்ல.

டிக்கெட்டில் "காலை 8 மணி" என்று போட்டிருக்கும். அது கப்பல் வந்து சேரும் நேரம். நீங்கள் இறங்கும் நேரம் அல்ல!

கப்பலைக் கரையில் கட்ட வேண்டும். படிக்கட்டு இறக்க வேண்டும். அந்தத் தேசத்து அதிகாரிகள் கப்பலின் தஸ்தாவேஜுகளைப் பார்க்க வேண்டும். யார் யார் வந்திருக்கிறார்கள், பாஸ்போர்ட் சரியாக இருக்கிறதா, தொற்றுநோய் உண்டா என்பதையெல்லாம் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் பிரயாணி கரையில் கால் வைக்கலாம்.

கப்பலில் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். எல்லோரும் இறங்குவது ஒன்றிரண்டு படிக்கட்டு வழியாகத்தான். முதலில் யார் இறங்குவார்கள்? பெரும்பாலான கப்பல்களில், கம்பெனி பஸ்ஸுக்குப் பணம் கட்டியவர்கள்தான் முதலில்! அதிகக் கட்டணம் கட்டிப் பெரிய அறை எடுத்தவர்களுக்கும் சில கப்பல்களில் முதல் சலுகை உண்டு. தாமாகவே ஊர் சுற்றப் போகிறவர்களின் முறை அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் ஆச்சி ஒருத்தி பேரனோடு அந்த வரிசையில் நின்றால் என்ன கேட்பாள்?

"ஏலே, கப்பலு நின்னு ஒரு மணி நேரம் ஆச்சு. கரை அந்தா தெரியுது. இன்னும் ஏன் நம்மள இறங்க விடமாட்டேங்கான்?"

"நம்ம நம்பரக் கூப்பிடணும் ஆச்சி."

"பின்னே, அந்த ஆட்கள் மட்டும் போறாங்களே?"

"அவங்க கம்பெனிக்கே பணம் கட்டி பஸ் எடுத்தவங்க ஆச்சி."

ஆச்சி கேட்பது நியாயமான கேள்வி. இதைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா?

கரை தெரியும்; கால் எட்டாது!

இன்னொரு சங்கடமும் உண்டு. சில ஊர்களில் பெரிய கப்பல் கரைக்கே வராது. ஆழம் போதாது, அல்லது கப்பலைக் கட்டும் அளவுக்குத் துறை பெரிதாக இருக்காது. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பிரயாணிகள் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு போகாது. அன்று கரையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி!

இது நமக்குப் புதிது அல்ல. பக்கத்தில் உள்ள தூத்துக்குடியைப் பாருங்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடவிட்டார். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நின்றன. ஆட்கள் சிறு படகுகளில் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். ஆழமான புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது 1974-ம் ஆண்டில்தான். இப்போது அந்தத் துறைமுகம் வ.உ.சி. பெயராலேயே விளங்குகிறது.

அந்தத் தொல்லை இன்றும் உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் பல கடலில்தான் நிற்கும். பிரயாணிகள் படகில்தான் கரைக்குப் போவார்கள். மலேசியாவின் பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. கப்பல் ஊருக்கே வந்து நிற்கும். இறங்கி நடந்தே குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கப்பல் கரையில் நிற்குமா? கடலில் நிற்குமா?"

நடை சாத்தும் நேரம்

நம்மவர்களுக்குத் தனியாக ஓர் இடைஞ்சல் உண்டு. நாம் பார்க்க விரும்புவது பெரும்பாலும் கோயில்.

உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். பிறகு மாலையில்தான் திறப்பார்கள். சங்கரன்கோவிலில் எப்படியோ, அப்படித்தான் இலங்கைத் தமிழர் கோயில்களிலும். ஆனால் மாலையில் நடை திறக்கும்போது நாம் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காங்கேசன்துறைக்குக் கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லூர்க் கந்தசாமி கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை.

அதிகாரிகள் அனுமதி, கம்பெனி ஆட்கள் இறங்குவது, உங்கள் வரிசை எல்லாம் முடிய 10 மணி. துறைமுக வாசலைத் தாண்டிக் கார் பேசி ஏற 10.30 மணி. நல்லூர் சுமார் 20 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்து கோயில் வாசலில் இறங்க 11.15 மணி. உச்சிப் பொழுதுக்கு முன்னால் உங்கள் கையில் இருப்பது முக்கால் மணி நேரம்.

போதுமா? போதும். நேரே போனால் போதும்!

"போகிற வழியில் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போயிற்று. கீரிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் குளித்து, துணி மாற்றி, நகுலேஸ்வரம் கோயிலையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால், நல்லூரில் பூட்டிய கதவைத்தான் கும்பிடலாம்.

அப்படியானால் என்ன செய்வது? நல்லூரை முதலில் பாருங்கள். கீரிமலை துறைமுகத்துக்குப் பக்கம். ஆகவே அதைத் திரும்பும்போது பாருங்கள். கப்பல் இன்னும் தாமதமாக வந்தால் நல்லூரை மனசாலேயே கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள நகுலேஸ்வரத்தையும் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலையும் பாருங்கள். திரிகோணமலையிலும் இதே யோசனைதான். கோட்டைக்குள் பாறை உச்சியில் இருக்கும் கோணேஸ்வரம்தான் முதலில். கடைத்தெரு அப்புறம்.

எந்த ஊரானாலும் சரி. பூட்டும் இடம் முதலில். பூட்டாத இடம் பின்னால். இதுதான் சூத்திரம்.

எந்தக் கடிகாரம்?

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் அங்கே குழப்பம் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் மாலை 5 மணி என்றால், புக்கெட்டில் 4 மணிதான். கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால் என்ன ஆகும்? கரையில் இறங்கியதும் உங்கள் செல்போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். "மணி 4 தானே? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்று நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் மணி 5! கடைசிப் படகு போய்விட்டிருக்கும்.

கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலில் என்ன நேரமோ, அதையே வையுங்கள். கரையில் இறங்கியும் அதை மாற்றாதீர்கள். திரும்பி வரும் வரையில் அதுதான் உங்கள் நேரம்.

விட்டுவிட்டுப் போன கப்பல்

"கொஞ்சம் தாமதமானால் என்ன? நம்மை விட்டுவிட்டா போய்விடுவார்கள்?" என்று நினைக்கலாம்.

போய்விடுவார்கள்!

2024-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நடந்த சம்பவம் இது. ஆப்பிரிக்காவின் மேற்கே சா டோமே என்ற தீவு இருக்கிறது. அங்கே "நார்வீஜியன் டான்" என்ற உல்லாசக் கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அதில் வந்த 8 பேர் கப்பல் கம்பெனியின் ஏற்பாட்டில் போகாமல், தாங்களாகவே ஊர் பார்க்கப் போனார்கள். குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை.

அவர்கள் கரைக்கு வந்தபோது கப்பல் கண் முன்னால் நின்றது. கடலோரக் காவல் படகில் ஏறிக் கப்பல் அருகேயும் போனார்கள். ஆனால் ஏற்றிக்கொள்ளவில்லை. கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. பாஸ்போர்ட்டுகளை மட்டும் கரையில் உள்ள ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போனது.

பிறகு அவர்கள் தேசம் தேசமாகச் சுற்றி அலைந்தார்கள். சில நாட்கள் கழித்து, அவர்களில் பலர் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில் அதே கப்பலைப் பிடித்தார்கள்.

கப்பல்காரர்கள் இரக்கம் இல்லாதவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான பேர் கப்பலில் காத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் நிற்பதற்குக் கட்டணம் உண்டு. அலையும் நீர்மட்டமும் யாருக்கும் காத்திருப்பது இல்லை. கம்பெனி பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். அது அவர்கள் பொறுப்பு. நாமாகப் போனால் பொறுப்பு நம்முடையது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படும் என்றால், 5 மணி வரையில் ஏறலாம் என்று அர்த்தம் அல்ல. வழக்கமாக அரை மணிக்கு முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும். படகில் போகும் ஊர்களில் இன்னும் முன்னதாக ஏற வேண்டும்.

பஸ்ஸிலேயே போய்விடலாமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? கம்பெனி பஸ்ஸிலேயே போய்விடலாமே!" என்று கேட்கலாம்.

தூரத்து ஊருக்குப் போக வேண்டும் என்றால், அதுதான் புத்திசாலித்தனம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் கம்பெனி பஸ்தான் நல்லது. நடக்க முடியாத முதியவரோ கைக்குழந்தையோ கூட இருந்தாலும் அதையே சொல்வேன்.

ஆனால் பக்கத்து ஊருக்கு, ஒரே ஒரு கோயிலுக்கு, நாமாகவே போகலாம். பயப்பட வேண்டியது இல்லை. சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கப்பல் வரும் நேரத்தோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதற்குப் பிறகே கார் ஏற்பாடு செய்யுங்கள். முன்னதாக இறங்கினால் லாபம். காத்திருக்கும் காருக்குத் தண்டம் கட்டுவதைவிட அது மேல்.

கார்க்காரரிடம் முன்பே பேசுவதானால், "கப்பல் தாமதமானால் காத்திருப்பீர்களா? கப்பல் வராமலே போனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுக வாசலுக்கு வந்துவிடுங்கள். மீதிப் பொழுதை அங்கே டீக் கடையில் போக்கலாம். நஷ்டம் இல்லை.

துறைமுக ஏஜெண்டின் பெயரும் டெலிபோன் நம்பரும் கப்பலில் தினமும் கொடுக்கும் அறிவிப்புத் தாளில் இருக்கும். அதை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டின் நகலும், அன்றைய மாத்திரையும், அவசரத்துக்குக் கொஞ்சம் பணமும் கையோடு இருக்கட்டும்.

ஒரு நாளில் மூன்று இடம் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஓர் இடத்தை நன்றாகப் பாருங்கள். இரண்டாவது இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை

இதுவரை பிரயாணிகளுக்குச் சொன்னேன். கப்பல் கம்பெனிகளுக்கும், டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

பணம் வாங்கும்போது பளபளப்பான படம் காட்டுகிறீர்கள். நீச்சல் குளத்தைக் காட்டுகிறீர்கள். ஆட்டம் பாட்டத்தைக் காட்டுகிறீர்கள். நல்லது. கூடவே ஒரு சின்னத் தாளையும் கொடுங்கள். அதில் நான்கே நான்கு விஷயங்களைத் தமிழில் அச்சடியுங்கள்.

கப்பல் வரும் நேரம் எது? தாமாகப் போகிறவர்கள் ஏறக்குறைய எத்தனை மணிக்கு இறங்கலாம்? கரையில் இறங்குவதா, படகில் போவதா? திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம், எந்தக் கடிகாரப்படி?

இந்த நான்கையும் ஒரு தாளில் போடுவதற்கு என்ன செலவாகும்? கப்பல் ஒலிபெருக்கியிலும் இவற்றைத் தமிழில் சொல்லட்டும். சென்னையில் கப்பல் ஏறுகிறவர்களில் தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களும் இருப்பார்கள் அல்லவா?

பஸ்ஸுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவதை நான் குறை சொல்லவில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஏதாவது ஒரு முறை வேண்டும். ஆனால் அந்த முறையை டிக்கெட் வாங்கும்போதே சொல்ல வேண்டும். வரிசையில் நின்ற பிறகு தெரிந்துகொள்வது நியாயம் அல்ல. இறங்கும் நேரத்தை மறைத்து, வரும் நேரத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஒரு குடும்பம் ஆறு மாதச் சேமிப்பைக் கொடுக்கிறது.

அவர்கள் அந்தத் தாளைக் கொடுக்கும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியது இல்லை. அந்த நான்கு கேள்விகளையும் ஏஜெண்டிடம் நாமே கேட்போம். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்போம். எழுதிக் கொடுத்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுப்போம்.